அம்மா திரும்பிப் பார்க்காத நாள்

ஏழு வயதில் என் முகம் ஃப்ளெக்ஸ் பேனரில் வந்தது. ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டிய எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் அதைக் கட்டியிருந்தார்கள். சித்தப்பா வெள்ளைச் சட்டையில் என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார். பின்னால் தீ கொழுந்துவிட்டு எரியும். அந்தத் தீ ஸ்டுடியோக்காரன் சேர்த்தது; நிஜத் தீயில் புகைதான் ஜாஸ்தி. மேலே, ‘தீயின் வாயிலிருந்து மழலையை மீட்ட எங்கள் தலைவா!’ என்று போட்டிருந்தது. சித்தப்பா என்னை எந்தத் தீயிலிருந்தும் மீட்கவில்லை. அது எனக்கே தெரியும். ஆனாலும் என் மூஞ்சி அவ்வளவு பெரிதாக வந்த மிதப்பில், நாலு நாள் அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா கெட்டவர் இல்லை. ஊரில் எந்த வீட்டுக் காதுகுத்துக்கும் முதல் ஆளாகப் போவார், சாவு வீட்டில் பந்தல் போட ஆள் பிடிப்பார். அவர் வண்டியில் வந்து இறங்கினால் நாலு பேர் ‘தலைவரே’ என்பார்கள். தலைவர் என்றால் சலவைச் சட்டை, உரக்கப் பேச்சு, பின்னால் நாலு பேர் என்றுதான் என் கணக்கு. அம்மாவை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. அவள் ஷூ கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டுகிறவள். வீட்டிலும் பஸ்ஸிலும் அதிகம் பேசமாட்டாள். பக்கத்து வீட்டுக்காரி குழாயடியில் குடத்தை முன்னால் நகர்த்தி வைத்தால்கூட ஒன்றும் சொல்லாமல் நிற்பாள்.

அந்தக் கோடை லீவில் என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். அதனால் அம்மா என்னையும் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள். கம்பெனிக்குள்ளேயே குழந்தைகள் காப்பகம் உண்டு. ஆறு வயதுக்கு மேல் சேர்க்கமாட்டார்கள். யாராவது கேட்டால் அஞ்சு வயது என்று சொல்லச் சொல்லியிருந்தாள். முன்பல் இரண்டும் விழுந்த வாயால் அஞ்சு என்பேன். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். காப்பகத்து ஆயம்மா மட்டும் என்னை ஒரே பார்வையில் எடைபோட்டு, தொட்டில் ஆட்ட உட்கார வைத்துவிட்டாள்.

அந்தக் கம்பெனியில் அடிக்கடி தீ ஒத்திகை நடக்கும். ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்க்கும்போது ஒத்திகை சொதப்பினால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும் என்று மேலே இருப்பவர்களுக்குப் பயம். சைரன் அடித்ததும் எல்லோரும் வரிசையாக நடந்து மைதானத்தில் போய் நிற்க வேண்டும். குழந்தைகளை ஆயம்மாவும் கூட இருக்கும் இரண்டு பெண்களும் கொண்டுவருவார்கள். தாய்மார்கள் காப்பகத்துப் பக்கம் போகவே கூடாது. இதுதான் சட்டம். எழுதியவர் பிள்ளை பெற்றவராக இருந்திருக்க முடியாது. சைரன் அடித்த மறு நொடியே தையல் கூடத்திலிருந்து அத்தனை அம்மாக்களும் காப்பகத்துக்குத்தான் ஓடி வருவார்கள். அங்கே இருப்பது ஒரே வாசல். உள்ளே வருகிறவளும் பிள்ளையோடு வெளியே போகிறவளும் அதில் மாட்டிக்கொண்டு, வளையல் உடைந்து, பிள்ளைகள் வீறிட்டு, தேர்த் திருவிழா தோற்றுப்போகும். வெளியே சேஃப்டி ஆபீசர் கையில் ஸ்டாப்வாட்சோடு தலையில் அடித்துக்கொள்வார். ஆயம்மாவோ, “இதுங்க வராம இருந்தாலே போதும் சார், எல்லாப் புள்ளைங்களயும் நானே வெளிய கொண்டாந்துடுவேன்” என்று கத்துவாள். எனக்கு அது நல்ல வேடிக்கை.

ஆபீசர் ஒரு வழி கண்டுபிடித்தார். தையல் கூடத்தில் ஒவ்வொரு மிஷின் லைனுக்கும் ஒரு தலைவியைப் போடுவது, ஆரஞ்சுச் சட்டையும் விசிலும் கொடுப்பது, வரிசையை அவள் நடத்திக்கொண்டு போவது. காப்பகத்துக்கு ஓடாத ஆளாக இருக்க வேண்டும் என்று கல்யாணமாகாத பெண்களாகப் பார்த்துப் பொறுக்கினார். கணக்கு சரிதான். ஆனால் அடுத்த ஒத்திகையில் அந்தப் பெண்கள் விசில் ஊதிக்கொண்டு மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, பின்னால் வந்தவர்கள் பாதிப்பேர்கூட இல்லை. மிச்சம் அத்தனையும் காப்பக வாசலில் நின்றது. “அதுங்களுக்கு இன்னா, புள்ளையா குட்டியா?” என்று கேட்டார்களாம்.

அன்று சாயங்காலம் அம்மா ஆபீசர் முன்னால் போய் நின்றாள். நானும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சட்டையைத் தனக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்டாள். ஆபீசர் என்னைக் குனிந்து பார்த்தார்.

“உன் பொண்ணே காப்பகத்துல இருக்கேம்மா.”

“அதனாலதான் சார் கேக்கறேன்.”

அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. வேறு ஆளும் இல்லாததால் கொடுத்துவிட்டார். சட்டை அம்மாவுக்குத் தொளதொளவென்று முட்டிவரை தொங்கியது. எனக்கு அதைவிட விசில்மேல்தான் ஆசை. தொடவிடவில்லை.

அம்மா அதைப் போட்டுக்கொண்டு ஒரு ஒத்திகையாவது நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்கு முன்பே நிஜம் வந்துவிட்டது.

காலைப் பால் குடித்து முடித்து, சின்னதுகள் தூங்கிக்கொண்டிருந்தன. முதலில் வாசனை வந்தது. ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் நெடி எங்களுக்குப் பழகினதுதான், அம்மா புடவையிலேயே இருக்கும். இது அதைப் போட்டுக் காய்ச்சினதுபோல் தொண்டையைக் கமறியது. பிறகு சைரன். சொல்யூஷன் வைத்திருந்த அறையிலிருந்து கரும்புகை எழும்பி, காற்று தள்ளத் தள்ள எங்கள் பக்கமே வந்தது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றேன். தையல் கூடத்துக்கும் மைதானத்துக்கும் நடுவில்தான் காப்பகம். போகிற வரிசை அந்த ஜன்னலை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். ஆயம்மா வாசலையே பார்த்துக்கொண்டு, “வந்துடுவாளுங்க, இப்ப வந்துடுவாளுங்க” என்று முணுமுணுத்தாள். ஒரு குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள்.

கூடத்தின் கதவு திறந்தது. முதலில் வந்தது அம்மாதான். வாயில் விசில், ஒரு கை மேலே தூக்கியபடி. ஓடவில்லை, நடந்தாள். சந்தைக்குப் போகிறவள்கூட இன்னும் கொஞ்சம் வேகமாகப் போவாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்தபடி மொத்த லைனும், அதன் பின்னால் மற்ற லைன்களும் வந்தன. அம்மாவின் தோளைப் பிடித்திருந்தவள் புதிதாகச் சேர்ந்தவள். அவளுடைய கைக்குழந்தைதான் ஆயம்மா இடுப்பில் இருந்தது. அம்மா ஜன்னலுக்கு நேரே வந்தபோது நான் அடித்தொண்டையில் கத்தினேன். “அம்மா!”

விசில் நின்றது. ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும். அவள் முகம் எந்தப் பக்கமும் அசையவில்லை. மறுபடி விசில் கேட்டது. அம்மா என்னைத் தாண்டிப் போனாள். அவள் பின்னால் அந்தப் புதுப்பெண் அழுதுகொண்டே போனாள். எல்லோரும் போனார்கள். ஒருத்திகூட வாசலுக்கு வரவில்லை.

ஆயம்மா ஒரு கணம் நம்பமுடியாமல் நின்றாள். பிறகு அவளுக்கு உடம்பெல்லாம் கை முளைத்துவிட்டது. வெட்டின தோல் கொண்டுபோகும் தள்ளுவண்டியில் கைக்குழந்தைகளை அடுக்கினாள், நடக்கிறதுகள் கையில் கயிற்றைக் கொடுத்தாள், ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருந்த என்னைக் காலைப் பிடித்து இழுத்துக் கயிற்றில் சேர்த்தாள். காலியாகக் கிடந்த வாசல் வழியாக நாங்கள் வெளியே வந்து மைதானத்தில் பாதி தூரம் போவதற்குள், காப்பக ஜன்னல்களில் புகை தவிர வேறொன்றும் தெரியவில்லை. நான் நின்றிருந்த ஜன்னலும் அதில்தான் இருந்தது.

மைதானத்தில் மற்ற அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டார்கள். என் அம்மா அப்போதும் வரவில்லை. தன் லைனில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடைசிப் பேருக்கு “இருக்கேன்க்கா” என்று பதில் வந்த பிறகு, என்னைப் பார்த்து இரண்டு அடி வைத்தாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்த நேரத்தில்தான் சித்தப்பா ஆட்களோடு கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அவருடைய ஆட்களின் வண்டிகள் கேட்டை அடைத்ததில் தீயணைப்பு வண்டி வெளியே ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. சித்தப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு உண்மையாகவே அழுதார். ஒருத்தன் போட்டோ எடுத்தான். நான் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அம்மா பக்கம் போகவில்லை. சொல்யூஷன் அறையில் ஒருவருக்குக் கையில் தீப்பட்டதைத் தவிர, அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இப்போது நான் சென்னையில் வேலை செய்யும் கம்பெனியில் வருஷம் தவறாமல் தலைமைப் பண்புப் பயிற்சி நடத்துகிறார்கள். திரையில் சிங்கம் வரும், கழுகு வரும், கப்பல் வரும். தொலைநோக்கு என்பார்கள். மதியம் நல்ல சாப்பாடு. நான் குறிப்பெடுப்பதுபோல் உட்கார்ந்து அம்மாவின் கழுத்தை நினைத்துக்கொண்டிருப்பேன். அந்தக் கழுத்தைப் பற்றி எனக்குச் சொன்னது அந்தப் புதுப்பெண்தான். அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அன்று ஆயம்மா இடுப்பில் இருந்த அவள் பையன் பள்ளிக்கூடத்தில் உயரம் தாண்டுகிற பையனாகிவிட்ட பிறகு, ஒரு கல்யாண வீட்டில் வைத்துச் சொன்னாள்.

“நானும் அழுதுக்கினே வந்தேன். கண்ணு மட்டும் உங்கம்மா கழுத்து மேலதான். அது கொஞ்சம் திரும்பட்டும், நானும் ஓடிடலாம்னு பாத்துக்கினே வந்தேன். எல்லாரும் அப்டிதான் வந்தோம். நீ கூப்ட்டது எங்க எல்லாருக்கும் கேட்டுது. அவ்ளோதான், இப்ப திரும்பும்னு நெனச்சோம். திரும்பவே இல்ல பாப்பா.”

அவர்கள் வேறு எவள் பின்னாலும் போயிருக்கமாட்டார்கள். தன் பிள்ளையையும் அதே புகைக்குள் விட்டுவிட்டு முன்னால் நடந்தவள் என்பதால்தான் போனார்கள். அவள் ஒருமுறை திரும்பியிருந்தால் அத்தனை பேரும் அந்த ஒரே வாசலில் வந்து அடைத்திருப்பார்கள். நாங்கள் உள்ளே இருந்திருப்போம். என்னைப் பெற்றவள் என்பதற்காக அம்மாமேல் பாசம் உண்டு; இதை நினைக்கும்போது வருவது பாசம் இல்லை, கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருக்கும்.

ஏழு வயதில் இதெல்லாம் எங்கே தெரிந்தது? நான் அம்மாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன். சோறு போட்டால் வாங்கிக்கொள்வேன், கேட்டதற்குத் தலையாட்டுவேன், அவ்வளவுதான். அவள் வற்புறுத்தவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை மடிக்கு முன்னால் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்துத் தலை பின்னினாள். அவள் முகம் தெரியாத தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

“நான் கூப்ட்டேன் இல்ல, ஏன் என்னைப் பாக்கல?”

பின்னிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. மறுபடி பின்னத் தொடங்கியபடியே சொன்னாள்.

“பாத்திருந்தா நின்னுருப்பேன்டி.”

நின்றிருக்க வேண்டியதுதானே என்று எனக்குக் கோபம் இன்னும் கூடிவிட்டது.