பல் பிடுங்கிய கிருமி

ஹோட்டலின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத சலவை அறையில் வேலை பார்ப்பவளை எல்லாரும் வாயாடி என்றே கூப்பிடுவார்கள். படுக்கை விரிப்புகளை இஸ்திரி உருளைக்குள் விட்டபடியே ஊர்க்கதை பூராவும் பேசித் தீர்த்துவிடுவாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் மூளையில் புற்றுக்கட்டி என்று தெரிந்த நாளோடு அவள் பேச்சு நின்றது. அழவும் இல்லை.

வெட்டி எடுத்த கட்டி சில மாதத்தில் மறுபடி தலைதூக்கியது. இன்னொரு தடவை கத்தி வைக்க முடியாது என்ற டாக்டரம்மா, சோதனையில் இருக்கும் ஒரு வைத்தியத்தைச் சொன்னார்.

“உதட்டோரம் கொப்புளம் வருமே, அந்த ஹெர்பிஸ் வைரஸ்தான். அதைத்தான் கட்டிக்குள்ள விடப்போறோம்.”

லிஃப்ட்காரர் உதட்டைத் தடவிக்கொண்டார். காய்ச்சல் வந்தாலே அவருக்கு அங்கே கொப்புளிக்கும். “இத்தனை வருஷமா நான் சும்மா வளர்த்ததையா டாக்டர் எனக்கே ஏத்தப்போறீங்க?”

டாக்டரம்மா சிரித்தார். “இது பல்லைப் பிடுங்கின கிருமி. நல்ல செல்லுல பெருகுறதுக்கு வேண்டிய மரபணுவை எடுத்தாச்சு. கட்டிக்குள்ள மட்டும் பெருகி அதை உடைக்கணும். அப்படித்தான் எதிர்பார்க்கிறோம், உறுதி தர முடியாது.”

“நீ என்ன சொல்றே?” என்று அவர் மனைவியைப் பார்த்தார்.

“உங்க இஷ்டம்” என்றாள்.

மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு, மெல்லிய குழாய் வழியாக மருந்தை இறக்கினார்கள். அன்றே காய்ச்சல் கொதித்தது. பிறகு எடுத்த ஸ்கேனில் கட்டியின் நிழல் முன்னைவிடப் பெரிதாக இருந்தது.

“கட்டி வளர்ந்திருக்கலாம். இல்லன்னா கிருமியைத் துரத்திப் போன உடம்பு தன் படையையெல்லாம் அங்க குவிச்சதால வந்த வீக்கமா இருக்கலாம். படத்துல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். காத்திருக்கணும்” என்றார் டாக்டரம்மா.

நாத்தனார் விம்மி விம்மி அழுதாள். வாயாடியோ கணவரின் கட்டில் விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரம் சரியாகத் தேய்க்கவில்லை, அது மட்டும் மனதில் பட்டது.

“எப்படி அண்ணி கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க?”

“அழுகை வந்தா அழமாட்டேனா?”

வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். காய்ச்சல் இறங்கியது. அடுத்த ஸ்கேனில் நிழல் பாதிக்கும் கீழே சுருங்கியிருந்தது. நாத்தனார் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வாயாடி, பஸ் எத்தனை மணிக்கு என்று யாரோ சொன்னதுபோலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். “முழுசாப் போகலை. திரும்பவும் வரலாம். பார்த்துக்கிட்டே இருக்கணும்” என்று டாக்டரம்மா சொன்னதையும் அப்படியேதான் கேட்டாள்.

லிஃப்ட்காரர் மறுபடி வேலைக்குப் போனார். உயரத்தில் ஏற விடவில்லை. ஸ்டோர் அறையில் உட்கார்ந்து உதிரிபாகம் எடுத்துக் கொடுத்தார். சில பொருளின் பெயர் தொண்டையிலேயே மாட்டிக்கொள்ளும். கையால் திருகிக் காட்டுவார். கூட வேலை பார்க்கும் பையன்கள் ஆளுக்கொரு பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார்.

ஒரு விடுமுறைப் பகலில் கட்டிலில் படுத்தபடி கேட்டார். “நான் பிழைச்சதுல உனக்கு சந்தோஷம் இல்லையா?”

அவள் யோசித்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை.

“தெரியலைங்க. நீங்க இருக்கீங்க. அது தெரியுது.”

அவருக்குக் கோபம் வரவில்லை. சுவர்ப்பக்கமாக நகர்ந்து இடம் விட்டார். அவள் பக்கத்தில் படுத்தாள். அவர் மூச்சு உஷ்ணமாகப் பிடரியில் பட்டது. காய்ச்சலா என்று திரும்பி, புறங்கையால் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இல்லை. கையை எடுக்காமலே தூங்கிப்போனாள்.