மலர்க்கொடி வளர்த்த பவளம்

காசிமேட்டில் மலர்க்கொடியைத் தெரியாதவர்கள் மீன் தின்னாதவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஏலம் நடக்கிற இடத்தைத் தாண்டினால், மரக்கட்டையும் கத்தியுமாக வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களில் வாயும் ஓயாமல் கையும் ஓயாமல் இருப்பவள் அவள்தான். வஞ்சிரத்தைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி ஒரு போன் பேசி முடிப்பதற்குள் துண்டுகள் அச்சில் வார்த்த மாதிரி பையில் கிடக்கும். கல்யாணமாகித் திருவொற்றியூர் குப்பத்துக்கு வந்த வருடம் பிடித்த கத்தி அது. இத்தனை வருடங்களில் அவள் கைக்கு உயிரோடு வந்த மீன் என்று ஒன்று கிடையாது. எப்போதாவது ஒரு நண்டு உயிரோடு வரும். அதுவும் வந்த மாதிரியே திரும்பிப் போனதில்லை.

கேள்வி கேட்பதில் மட்டும் அவளுக்கு அலுப்பே கிடையாது. புருஷன் தேசப்பன் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். புதுப்பெண்ணாக இருந்தபோது ஒருநாள் கேட்டாள்.

"யோவ், கடலுக்கு அடியில இன்னாய்யா கீது?"

"சேறு."

பிறகும் எத்தனையோ தடவை கேட்டாள். ஒவ்வொரு தடவையும் சேறுதான். கொஞ்சம் நல்ல மூடில் இருந்தால், "பாறை கீது. வலைய கிழிச்சி பேஜாரு பண்ணும்" என்பான். அவ்வளவுதான் அந்த மனுஷன் கண்ட கடல். படகில் பெண்களை ஏற்றுகிற வழக்கம் இல்லை. அதனால் துறைமுகச் சுவரைத் தாண்டி அவள் போனதில்லை. கடலில் பிழைத்து, கடலை வெட்டிச் சோறு தின்று, அதற்குள் உயிரோடு இருக்கிற ஒன்றையும் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்பதுதான் அவளுடைய ஒரே ஆற்றாமை. பக்கத்துக் கட்டைக்காரிகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். அதனால் சொல்வதில்லை.

கடைவாய்ப் பல் வலி அவளை ராயபுரத்தில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. காத்திருக்கும் அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் ஊதா நிறத்தில் ஏதோ விரலை மடக்குவதும் விரிப்பதுமாக இருந்தது. காற்றும் இல்லை, கையும் இல்லை, தானாகவே. மலர்க்கொடிக்குப் பல்வலி மறந்துவிட்டது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் காதில் விழவில்லை. கடைசியில் டாக்டரம்மாவே வெளியில் வந்தார்.

"டாக்டரம்மா, இது செடியா, கல்லா?"

"பிராணிம்மா. பவளம்."

"பவளம்னா மோதரத்துல வைக்கிற செவப்புக் கல்லு இல்ல?"

"அதுக்கு இது தூரத்துச் சொந்தம்."

"பிராணின்னா வாய் எங்க கீது? கொடல் எங்க கீது?"

"முதல்ல உன் வாயைத் திற, அதைப் பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா.

பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வீங்கிய கன்னத்தோடு நேராக வீட்டுக்கு வந்தவள் தேசப்பனிடம் அந்த மாதிரி ஒரு தொட்டி வீட்டில் வைக்க வேண்டும் என்று சொன்னாள். அவன் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். ஒரே அறை. கட்டில், பீரோ, டிவி, அரிசி டிரம்.

"இன்னாத்துக்கு? நாத்தம் அடிக்கப் போவுது. செத்துச்சுன்னா தொட்டிய எட்தும்போயி ஐஸ் பொட்டியா வெச்சிக்குவேன், சொல்ட்டேன்."

அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டாள். கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கும். அதில் கடல் தொட்டிச் சாமான் விற்கிற டில்லிபாபுவின் கடையைக் கண்டுபிடித்தாள். உள்ளே பச்சைப் புல் முளைத்த மாதிரி ஒன்று கல்லின் மேல் விரிந்திருந்தது. மலர்க்கொடி சட்டென்று தொட்டிக்குள் கையை விட்டுக் கட்டை விரலால் அமுக்கினாள். அத்தனை பச்சையும் உள்ளே இழுத்துக்கொண்டு வெறும் ஊதாத் தோலாகிவிட்டது.

"கெட்டுப் போச்சுப்பா இது. எழும்பவே இல்ல பாரு."

டில்லிபாபு தலையில் கை வைத்துக்கொண்டான். "யக்கா, மீனை அமுக்குனா எழும்பணும். இத்த அமுக்குனா சுருங்கணும். சுருங்குச்சுன்னாதான் உசுரு கீதுன்னு அர்த்தம்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சந்தையில் அவள் விரலுக்கு இருந்த மரியாதை முழுசும் இந்தக் கடையில் தலைகீழாகிவிட்டது. கை கழுவிக்கொண்டு வந்து பாடம் கேட்கத் தயாரானாள்.

"வூட்ல எம்மா நேரம் இருப்ப?" என்று கேட்டான் டில்லிபாபு.

"விடியறதுக்கு முன்ன போனா மத்தியானம் வருவேன். வந்தா சமையலு, தூக்கம். இதுக்குச் சோறு ஊட்டித் தாலாட்டு பாட நேரம் கெடையாது நைனா. தானா வளரணும், வெரசா வளரணும்."

"அப்போ கல்லுப் பவளம் பக்கமே போவாத. வெரசா வளராது, தண்ணியில கொஞ்சம் அப்படி இப்படின்னா மூஞ்ச தூக்கிக்கும். கடல்லேந்து எடுத்தா சட்டமும் வுடாது. மெத்துனு கீறதுதான் உனுக்கு. இந்தப் பச்சை கீதே, கல்லு இருந்தா பரவிகினே போவும். அதுக்குப் பக்கத்துல காளான் மாதிரி கீறது தோல் பவளம். எம்மா அசமந்தமா வளத்தாலும் தாங்கும். நீ சொன்னியே விரல மடக்குற ஊதா, அதுவும் வெரசா வளரும், ஆனா வுட்டா தொட்டியவே புட்ச்சிக்கும்."

"அந்த வட்ட வட்டமா, பட்டன் கணக்கா சோக்கா கீதே, அது?"

டில்லிபாபு அவள் கைகளைப் பார்த்தான். கத்தி பட்ட கீறலும் முள் குத்திய தடமும் இல்லாத விரலே இல்லை. "உனுக்கு வாணாம்க்கா. அதுல சிலதுக்கு வெஷம் கீது. காயத்துல பட்டா பெரிய வம்பு."

"சரி, சோறு யாரு போடறது?"

"லைட்டு போடும். அதும் ஒடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடி கீது. லைட்ட வாங்கி அது சமைக்கும், பவளம் துன்னும்."

"குடியும் வெச்சி சோறும் வாங்கிக்குதா! நம்ம வூட்டு ஓனர விட கெட்டிக்காரன்பா இவன்" என்றாள் மலர்க்கொடி.

பச்சையும் தோல் பவளமும் போதும் என்று முடிவானது. தொட்டித் தண்ணீருக்கு உப்பு வாங்கச் சொன்னபோதுதான் அவளுக்கு ரோஷம் வந்தது. கடல்காரிக்கே உப்பா? டில்லிபாபு எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. முதலில் தொட்டியும் லைட்டும் பச்சையும் மட்டும் வாங்கிப்போய், வீட்டுப் பின்னால் இருக்கிற கடலிலேயே குடம் குடமாக மொண்டு ஊற்றினாள். கரையோரத் தண்ணீரில் எண்ணெய் மினுக்கும், சாக்கடை கலக்கும், எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையச் சாம்பலும் வந்து சேரும். தினமும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தெரியவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் பச்சை கறுத்துக் கரைந்து போயிற்று. தன் கடலில் ஒரு உயிர் வாழ முடியவில்லை என்பது அவளுக்கு அவமானமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுபடி போய் இரண்டு பவளமும் உப்பு மூட்டையும் வாங்கிவந்தாள். பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா விடவில்லை.

"இன்னாடி, கடலாண்ட குந்திகினு கடல பாக்கெட்ல வாங்கியாற?"

"ஆமாக்கா. உப்புக் கடல" என்றாள்.

கேன் தண்ணீரில் உப்பைக் கலந்து ஊற்றிய கடல் பிடித்துக்கொண்டது. பச்சை பரவியது. தோல் பவளம் உள்ளங்கை அகலத்துக்குக் குடை விரித்தது. அதன் மேல் பூ மாதிரி சின்னச் சின்ன மொட்டுகள் அசையும். சந்தையிலிருந்து வந்ததும் கை கழுவி அதன் முன்னால் உட்கார்ந்து, தட்டில் இருக்கிற சோற்றை மறந்து பார்த்துக்கொண்டிருப்பாள். சில நாள் குடை மூடி, மேலே ஆடை படிந்த மாதிரி ஆகும். முதல் தடவை அரண்டுபோய்ப் போன் போட்டாள். தோல் உரிக்கிறது, விட்டுவிடு என்றான் டில்லிபாபு. உரித்து முடித்து முன்பைவிடப் பளிச்சென்று விரிந்தது.

தேசப்பன் படகேறிப் போன ஒரு வாரத்தில்தான் அந்த விபத்து. தொட்டியைத் துடைக்கும்போது அடுக்கியிருந்த கல் ஒன்று சரிந்து தோல் பவளத்தின் மேல் விழுந்தது. அவள் கவனிக்கவில்லை. மறுநாள் கல்லைத் தூக்கியபோது குடையின் ஒரு பக்கம் பழுப்பாகத் தொங்கியது. விரலால் அமுக்கினாள். நல்ல பக்கம் சுருங்கியது. இந்தப் பக்கம் சுருங்கவில்லை. விரலை மோந்தாள். அந்த வாடை அவளுக்குத் தெரியாதா?

"வெட்டணும்க்கா" என்றான் டில்லிபாபு போனில். "வுட்டா முழுக்க அழுவிடும். வெளிய எடுத்து, தனியா உப்புத் தண்ணி வெச்சி, கையுறை போட்டுக்கினு, புது பிளேடால அழுகுனத்த வெட்டி எறி. வெட்டும்போது நல்லதுலயும் ஒரு துண்டு எடுத்து, கல்லுல ரப்பர் பேண்டு போட்டு வை. அது தனியா வளரும்."

"வெட்னா எப்பிடிடா வளரும்?"

"வளரும்க்கா. உனுக்குச் சொல்லியா தரணும், கைய வெச்சி வெட்டு."

பேசினில் பவளத்தை வைத்துக்கொண்டு, புது பிளேடைப் பிரித்து, வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். திருக்கையை யோசிக்காமல் தோலுரிக்கிறவள் பிளேடை இப்படியும் அப்படியும் மாற்றிப் பிடித்துப் பார்த்தாள். எப்போதாவது வரும் நண்டைத் தவிர இதுவரை அவள் வெட்டியது எல்லாம் செத்தது, வெட்டியதும் குழம்புக்குப் போவது. இது விரலுக்குக் கீழே சுருங்கிக்கொண்டு பயப்படுகிற மாதிரி இருந்தது. மாரியாத்தா என்று முணுமுணுத்துவிட்டு வெட்டினாள். அழுகலை எறிந்தாள். நல்ல குடையில் ஒரு பிறைத் துண்டை அறுத்து, கல்லில் வைத்துக் கட்டித் தொட்டிக்குள் இறக்கினாள்.

இரண்டும் மூடிக்கொண்டன. அடுத்து வந்த நாட்களில் கட்டையில் அவள் பேசவே இல்லை. உடம்பு சரியில்லையா என்று வாடிக்கைக்காரர்கள் கேட்டார்கள். வீட்டுக்கு வந்தால் தொட்டியைப் பார்க்காமல் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

ஒரு மத்தியானம் உள்ளே நுழைந்தபோது தேசப்பன் கடலிலிருந்து வந்திருந்தான். லுங்கியோடு, குளிக்காமல், தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தான்.

"இன்னாமே, போறப்போ ஒன்னுதான இருந்துச்சு? இந்தச் சின்னது யாரு குட்த்தா?"

மலர்க்கொடி பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். பெரியது வெட்டுப்பட்ட ஓரத்தோடு விரிந்திருந்தது. பக்கத்துக் கல்லில் அந்தப் பிறைத் துண்டு, நகம் அளவு குடையில், மொட்டுகளை ஆட்டிக்கொண்டிருந்தது.

"யாரும் குடுக்கலய்யா" என்றாள். "நான் வெட்னது. ரெண்டும் உசுரோட கீது."