என் அப்பா வடிவமைத்தது என்ஜின் அல்ல

அப்பா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில் இம்மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, முதலில் ஒரு பிழைதிருத்தம். அஞ்சலிச் சுவரொட்டியில் இருந்ததுபோல் அப்பா என்ஜின் வடிவமைப்பாளர் அல்லர். காரில் விளக்குப் போடத் திருப்புகிறோமே, அந்தச் சுவிட்சை வடிவமைத்தவர்.

திருவல்லிக்கேணியில் பிறந்தார். தாத்தா சீக்கிரமே தவறிவிட, டியூஷன் எடுத்துக்கொண்டே டிப்ளமோ முடித்தார். கார் உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அந்தச் சுவிட்சோடுதான் மாரடித்தார். ஓட்டுபவர் சாலையிலிருந்து கண்ணெடுக்காமல், எந்த விளக்கு எரிகிறது என்று விரலாலேயே அறிய வேண்டும். அது அவருடைய பிடிவாதம். மயிலாப்பூர் வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் மாதிரி சுவிட்ச் ஒன்றை நீட்டுவார்.

"கண்ண மூடிக்கினு திருப்புங்க. ரெண்டாவது கிளிக் கொஞ்சம் கெட்டியா இருக்குதா?"

கேஸ் சிலிண்டர் போட வந்தவர்கூடத் தப்பியதில்லை. எனக்கு மானம் போகும். "உங்கப்பா சுவிட்ச் பண்றவராடி?" என்று கல்லூரித் தோழிகள் சிரித்தது வேறு உறுத்திக்கொண்டே இருந்தது.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் மாமனார், "அப்பாவுக்கு என்ன வேலைம்மா?" என்று என்னிடமே கேட்டார்.

"கார் என்ஜின் டிசைன் பண்றாங்க" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பொய் என்றாலே காத தூரம் ஓடும் மனிதர், "ஆமாங்க" என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகு மாமா, அதாவது என் மாமனார், புதுக் கார் வாங்கினார். அப்பாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு வடபழனியில் பூஜை போட்டுவிட்டுத் திரும்பும்போது பொழுது சாய்ந்தது. விளக்கைப் போட்டவர் பூரித்துப்போனார்.

"சம்பந்தி, இந்தச் சுவிட்சப் பாத்தியளா? பாக்காமலே திருப்பலாம். எவனோ ரொம்ப யோசிச்சுல்லா பண்ணியிருக்கான்!"

அது அப்பாவின் சுவிட்ச். அதன் மாதிரிகளை வீட்டில் எத்தனை முறை திருப்பியிருப்பேன்! முன்சீட்டிலிருந்து அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொல்லியிருக்கலாம். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நல்லாத்தாங்க பண்ணிகிறாங்க" என்றார் அப்பா. என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று வேறெதுவும் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அடையாறு மருத்துவமனையில், கடைசி வாரம், மன்னிப்புக் கேட்கத்தான் அருகில் உட்கார்ந்தேன். "சாப்ட்டியாம்மா?" என்றார். அழுதேனே தவிர, கேட்கவில்லை.

அப்பாவை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த கம்பெனி நண்பர்களுக்கும் என் நன்றி. சுவரொட்டியை முன்னின்று அடித்துத் தந்த மாமாவுக்கும் நன்றி. அதிலிருந்த பொய் அவருடையதல்ல, என்னுடையது.

மாமா, உங்கள் காரில் இருக்கும் அந்தச் சுவிட்சை யோசித்துச் செய்தவர் என் அப்பா.