எழுந்து போகாத பந்தி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சாட்சி சொல்ல வருகிறவளுக்கு முகத்தில் சந்தோஷம் இருக்க வேண்டும். எனக்கோ இந்த மைக்கைப் பிடிக்கவே கை கூசுகிறது.

போன மழைக்காலத்தில் என் வீட்டுக்காரர் தாமஸுக்கு டெங்கு வந்தது. பூந்தமல்லியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. ஈறில் ரத்தம் கசிந்தது. "இன்னும் இறங்கினா எங்க கையில இல்லம்மா" என்றார் டாக்டர்.

தாமஸ் கேட்டது ஒன்றுதான், ஆண்டவருடைய அப்பமும் ரசமும். "எனக்குத் திருவிருந்து வாங்கிக் குடு மேரி. எவ்ளோ நாளாச்சி."

அத்தனை நாளானதற்குக் காரணம் நான்தான்.

நம் சபை ஆயர் நாற்பது தாண்டியும் கல்யாணம் செய்யாமல் இருக்கிறாரே என்று என் தங்கை மகளுக்காகச் சம்பந்தம் பேசப் போனேன். அவர் போட்டோவை மரியாதையாகத் திருப்பித் தந்தார். "ஒரு பொண்ணோட வாழ்க்கையைப் பாழாக்க எனக்கு மனசு வராதும்மா. என் மனசு ஆம்பளைங்க பக்கம் போற மனசு. தனியாவே இருந்து ஊழியம் செய்றேன்னு ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேன். இது உங்களோட இருக்கட்டும்" என்றார்.

என்னோடு இருந்ததா? மறுநாள் சாயங்காலத்துக்குள் பட்டாபிராம் முழுக்கத் தெரிந்துவிட்டது. என் தங்கை மகளைக் காப்பாற்றிய உண்மையை நான் ஊர் வாயில் போட்டேன். சபை இரண்டாகப் பிளந்தது. ஒழுக்கமாக இருக்கிறார், உண்மையைச் சொன்னார், ஊழியத்தில் என்ன குறை என்றது ஒரு பக்கம். வேதத்துக்கு விரோதமான மனசோடு பீடத்தில் நிற்கலாமா என்றது இன்னொரு பக்கம். அந்தப் பக்கத்துக்குத் தலைவி நான். "அவர் கையால அப்பம் வாங்குனா நமக்குத் தீட்டு" என்றேன். தீட்டாம்! ஆண்டவருடைய பந்தியைப் பற்றிப் பேசுகிற வாயில் வருகிற வார்த்தையா அது?

பந்திக்கு அழைக்கும்போது யாரும் எழக்கூடாது என்றேன். பெண்கள் ஐக்கியத்தில் பாதிப் பேர் என்னோடு பெஞ்சிலேயே உட்கார்ந்தீர்கள். தாமஸ் எழப்போனார். சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுது ஜெபித்தேன். "ஆண்டவரே, அவரை எனக்குத் திருப்பிக் கொடும். உம்முடைய உண்மையான ஊழியக்காரரை அனுப்பும்." உண்மையான என்பதை அழுத்திச் சொன்னேன். ஆண்டவருக்கே பாடம் எடுக்கிற திமிர். பிறகு, தெரிந்த போதகர்களுக்கெல்லாம் போன் போட்டேன். ஒருவர் வெளியூர் கூட்டத்தில் இருந்தார். இன்னொருவர், "ரோடெல்லாம் தண்ணி நிக்குது சிஸ்டர், போன்லயே ஜெபிச்சிடலாம்" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. தண்ணீர் நின்றது நிஜம்தான்.

அந்தத் தண்ணீரில்தான் பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு, ரெயின்கோட்டுக்குள் திருவிருந்துப் பெட்டியை அணைத்தபடி நம் ஆயர் வந்து நின்றார். ஸ்டெல்லா அக்கா, என்னோடு பெஞ்சில் உட்கார்ந்த நீங்கள்தான் அவருக்குச் சொன்னீர்களாம். நல்லா இருங்க அக்கா.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவர் கட்டிலோரம் நின்று ஜெபித்தார். அப்பத்தைப் பிட்டார். பிட்டதைத் தாமஸ் வாயில் வைக்காமல், தட்டை என்னிடம் நீட்டினார்.

"என் கை உங்களுக்குச் சங்கடம்னு தெரியும்மா. நீங்களே ஊட்டுங்க. அவருக்குக் கிடைச்சா போதும்."

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே எனக்காக யோசித்து வைத்திருந்தார். நான் யாரை அனுப்பச் சொல்லி அழுதேனோ, அவர்தான் ஈரக் காலோடு நிற்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. வெட்கத்தில் செத்துவிடலாம்போல இருந்தது. "ஐயா, உங்க கையாலயே..." என்று ஆரம்பித்தேன். அழுகைதான் வந்தது.

தாமஸ் கண்ணைத் திறந்தார். "இன்னா மேரி, இங்கியும் சண்டையா? யாராவது ஒருத்தர் குடுங்களேன்."

ஐயா சிரித்துவிட்டார். அவர் கையால்தான் கொடுத்தார். அழுதுகொண்டே நானும் வாங்கினேன்.

அதற்குப் பிறகு தட்டணுக்கள் ஏற ஆரம்பித்தன. வைத்தியம் பார்த்த கைகளை ஆண்டவர் ஆசீர்வதித்தார். இதோ, கொஞ்சம் இளைத்து, அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் தாமஸ்.

வேத விளக்கம் என்னிடம் கேட்காதீர்கள். அதைப் பெரியவர்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது நான் செய்த பாவம். நம்பிச் சொன்னதைத் தெருவில் விட்டேன். ஐயா, உங்களிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஊரறியச் செய்ததற்கு ஊரறியக் கேட்க வேண்டும். என்னை மன்னியுங்கள்.

இன்று திருவிருந்து ஞாயிறு. இன்னும் சற்று நேரத்தில் ஐயா பந்திக்கு அழைப்பார். நான் எழுந்து போகிறேன். அக்கா, தங்கச்சிகளே, உங்களை உட்கார வைத்தவள் நான்தான். சேலையைப் பிடித்து இழுக்க இனி இங்கே ஆளில்லை. வாருங்கள்.