சுகந்தி அக்காவின் சுண்டுவிரல்

மொன்ட்ரியாலில் ஜப்பானியர்களின் மண்டபம் ஒன்று. வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே புத்தாண்டுக்கு மோச்சி என்ற அரிசிப் பலகாரம் இடிக்கிறார்கள். மர உரலில் ஆவி பறக்கும் சோறு. ஒருவர் மரச் சம்மட்டியால் இடிக்க, ஒவ்வொரு அடிக்கும் நடுவில் மற்றவர் ஈரக்கையால் சோற்றைப் புரட்டிவிட வேண்டும்.

புரட்டுபவர் சுகந்தி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், ஜப்பானியரை மணந்தவர். வேடிக்கை பார்க்க வந்த என்னிடம் சம்மட்டியைக் கொடுத்துவிட்டார்கள்.

நாலாவது அடிக்கு ஓங்கும்போது உரலுக்குள் அவர் கையைப் பார்த்துவிடுகிறேன். சம்மட்டி தலைக்கு மேலேயே நின்றுவிடுகிறது.

"நிப்பாட்டாதேங்கோ தம்பி. நீங்கள் அடிக்கிற தாளத்துக்குத்தான் நான் கையை எடுக்கிறன்."

"கையில பட்டுடுச்சுன்னா?"

"போன வருஷம் பட்டது." வளைந்துபோன சுண்டுவிரலை உயர்த்திக் காட்டுகிறார். "இவர்தான். எனக்குப் பட்டிடும் எண்டு பயந்து நிப்பாட்டி, பேந்து தாளம் தப்பி அடிச்சவர்."

பக்கத்தில் நிற்கும் கணவருக்குத் தமிழ் தெரியாது. விரலைக் கண்டதும் தலையைக் குனிந்துகொள்கிறார். குனிந்தபடியே, தாளம் தவறாமல், தன் மொழியில் சத்தமாக எண்ணத் தொடங்குகிறார்.

அக்காவின் கை மறுபடி உரலுக்குள் போகிறது. நான் ஓங்குகிறேன்.