கன்னட எழுத்தில் வந்த தமிழ் மனு

தோழர்களே, இந்தக் கன்னட மண்ணிலுள்ள நம் தமிழ்ச் சங்கத்தின் மரபுச்சின்னக் காப்புக் குழுவில் ஓர் அநீதி நிகழ்ந்தது. இழைத்தவன் நான்.

நம் ஊர் தேவராஜ மொஹல்லாவில் சாய்ந்து கிடக்கும் சுமைதாங்கிக் கல்லை நிமிர்த்த நிதி கேட்டு ஒரு மனு வந்தது. தமிழைக் கன்னட எழுத்தில் எழுதியிருந்ததால், படிக்காமலே தள்ளச் செய்தேன். நிதி, என் கவிதை வரிகளைப் பொறிக்கவிருக்கும் சங்க நுழைவாயில் வளைவுக்குப் போயிற்று.

இன்று சந்தையில் என் மூட்டையைச் சுமந்து வந்தவர் அந்தக் கல்லருகே, சுமையை இறக்கிவைக்க வழியின்றி மூச்சுவாங்க நின்றார்.

"சார், கமிட்டிக்கு நான் கொடுத்த அர்ஜி ஏன் ஆகல?"

"கன்னட எழுத்தில் இருந்தது ஐயா."

"எனக்கு எழுத்து அதுதான் சார் தெரியும். கேட்டது தமிழ்லதானே?"



குழுவினரே, கன்னட எழுத்து எனக்கு நன்றாகவே தெரியும். வளைவு வேலையை நிறுத்திவிட்டு நாளையே கூடுங்கள். அந்த மனுவை நானே உரக்கப் படிக்கிறேன்.