அத்தை தேர்ந்தெடுத்த கண்ணாடி

வெள்ளிக்கிழமை விடிந்தாலே சிறுவயதில் நான் போர்வைக்குள் ஒளிந்துகொள்வேன். அன்றைக்குத்தான் வீட்டுப் பெண்கள் எண்ணெய் தேய்த்துத் தலை முழுக வேண்டும். இலங்கையில், பதுளைக் கடைவீதியில் அப்பாவின் ஜவுளிக்கடைக்குப் பின்கட்டில் எங்கள் குடித்தனம். தேயிலைத் தோட்டங்களிலிருந்து துணி எடுக்க வரும் கங்காணிகளும் கடைச் சிப்பந்திகளும் எந்நேரமும் அங்கே புழங்கிக்கொண்டிருப்பார்கள். ஒரு மனுஷி தனியாக உட்கார்ந்து மூச்சு விடக்கூட மூலை கிடையாது. அதனால் அம்மா, அத்தை, நான் மூவரும் பனி விலகுமுன்பே பதுளு ஓயா ஆற்றுக்குக் கிளம்பிவிடுவோம். அந்தக் குளிர் போதாதென்று அம்மா என் தலையில் சீயக்காய்த் தூளை அப்பித் தேய்ப்பாள். மிளகாய்கூட அவ்வளவு எரியாது.

அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. கண் எரிந்தால் நான் ஊரையே கூட்டுவேன். அவள் வாயைத் திறக்கமாட்டாள். நீரில் முங்கி நெடுநேரம் கழித்துத்தான் எழுந்திருப்பாள். ஆனாலும் வீடு திரும்பும்போது அவள் கண்தான் அதிகம் சிவந்திருக்கும். என் கண் காலைப் பலகாரம் சாப்பிட்டு முடிப்பதற்குள் தெளிந்துவிடும். அவளுடையது விளக்கேற்றும் நேரத்திலும் அப்படியே இருக்கும். கேட்டால் சீயக்காய் என்பாள்.

இந்தச் சிவப்பு திடீரென்று குடும்பத்தின் பெரிய கவலையாகிவிட்டது. அத்தைக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை திருச்சிப் பக்கத்தில் இருந்தார். முதல் தாரம் தவறிப்போய், பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர். அவருடைய அண்ணன் பண்டாரவளையில் கடை வைத்திருந்தார். அந்த அண்ணனும் அவர் மனைவியும் வந்து பெண்ணைப் பார்த்துச் சரி என்றால், அத்தையைக் கப்பலேற்றிவிடலாம். அவர்கள் பார்த்துச் சொன்ன நல்ல நாளும் வெள்ளிக்கிழமையாகவே அமைந்தது. வெள்ளிக்கிழமையில் பெண் பார்க்க வரும்போது பெண் தலை முழுகாமல் நிற்க முடியாது. கண் சிவந்தும் நிற்க முடியாது. பெண்ணுக்குக் கண்ணில் ஏதோ வியாதி என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் காரியம் கெட்டுவிடும் என்று அப்பா தவித்தார். அத்தை என்ன நினைத்தாள் என்று கேட்காதீர்கள். அவளிடம் யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அம்மா சீயக்காயை நிறுத்திவிட்டுப் பாசிப்பயற்று மாவுக்கு மாறிப் பார்த்தாள். எனக்கு எரிச்சல் நின்றது. அத்தைக்குச் சிவப்பு நிற்கவில்லை.

அப்போதுதான் மாமா தலையிட்டார். மாமா அம்மாவின் தம்பி. தெமோதரைப் பக்கம் ரயில் பாதைக்காக மலையைக் குடைந்துகொண்டிருந்த காலம் அது. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அரிசியும் சாமானும் கொண்டுபோய் விற்பது அவர் தொழில். உலகத்தில் அவருக்குத் தெரியாத சங்கதி இல்லை, அதைச் சொல்ல அவர் கூச்சப்பட்டதும் இல்லை. வெள்ளைக்காரர்கள் நீந்தும்போது கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொள்கிறார்கள், தண்ணீருக்குச் சரியாக வருவது சீயக்காய்க்கு வராதா என்றார். அடுத்த முறை வரும்போது ஒரு சாக்குப்பையிலிருந்து மூன்று கண்ணாடிகளை எடுத்துக் கூடத்தில் பரப்பினார்.

ஒன்று, மோட்டார் ஓட்டும் துரைமார் புழுதிக்காகப் போடுவது. சுற்றிலும் தோல் வைத்துத் தைத்தது. இன்னொன்று மோட்டார் சைக்கிள்காரர்களுடையது. அதன் விளிம்பில் கனமான ரப்பர். மூன்றாவது, பாறை உடைக்கிறவர்கள் கல் தெறிக்காமல் மாட்டிக்கொள்வது. அதில் கண்ணாடியே கிடையாது. சல்லடை மாதிரி கம்பிவலை மட்டும்தான். இது எதற்கு என்று அம்மா கேட்டாள். கூட வந்துவிட்டது என்றார் மாமா.

அப்பா எதையும் உதறிப் பார்த்து வாங்குகிற வியாபாரி. ஆகவே முற்றத்து அண்டாவில் தண்ணீர் நிரப்பச் சொன்னார். மாமா தோல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையை அண்டாவுக்குள் விட்டார். வெகுநேரம் எடுக்கவில்லை. அப்பா பயந்துபோய்க் குடுமியைப் பிடித்துத் தூக்கினார். மாமா இருமி முடித்தபிறகு, ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை என்று சாதித்தார். அவர் மூக்கு வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

பெண்கள் துறைக்கு ஆண்கள் வர முடியாது. அங்கே நடப்பதைப் பார்த்துவந்து சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்கு அப்படி ஒரு பெருமை. தோல் கண்ணாடி முதல் வெள்ளிக்கிழமையே ஊறிப் பெருத்துக் கெட்டுப்போயிற்று, அதைச் சொன்னேன். அடுத்த வாரம் ரப்பர் கண்ணாடி. அத்தை அதை மாட்டிக்கொண்டு முங்கினாள். வழக்கம்போல் நெடுநேரம் கழித்து எழுந்தாள். கிட்டப்போய்ப் பார்த்தால், கண்ணாடிக்கு உள்ளே தண்ணீர் தேங்கி நின்றது.

ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கிற வெறி வந்துவிட்டது எனக்கு. கழற்றி வாங்கி நானே மாட்டிக்கொண்டு முங்கினேன். உள்ளே சொட்டு ஈரம் இல்லை. ஆற்றடியில் கூழாங்கற்கள் அழகாகத் தெரிந்தன. திரும்பவும் அத்தைக்கு மாட்டிவிட்டேன். அவள் இந்தத் தடவை முங்கவே இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் சும்மா நின்றாள். சற்று நேரத்தில் கண்ணாடிக்குள் மறுபடியும் தண்ணீர்.

இதை அப்படியே வீட்டில் வந்து ஒப்பித்தேன். மாமா ரப்பரை இழுத்துப் பார்த்தார், விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், துரைமார் மூக்குக்குச் செய்தது நம் பெண்களின் மூக்குக்குப் பொருந்தாது என்றார். அப்படியென்றால் என் சின்ன மூக்குக்கு எப்படிப் பொருந்தியது என்று கேட்டேன். அவருக்கே குழம்பிவிட்டது. தண்ணீரில் முங்காமலே தண்ணீர் எப்படிப் புகும் என்று அப்பா என்னை அதட்டினார். நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். அம்மா மட்டும் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு அத்தை இருந்த பக்கம் பார்த்தாள்.

அத்தை எழுந்துவந்தாள். தரையில் கிடந்தவற்றில் கம்பிவலையை எடுத்தாள்.

"அண்ணே, எனக்கு இது போதும்."

"அது பூராவும் ஓட்டைம்மா. தண்ணி உள்ள போகுமே," என்றார் அப்பா.

"போகட்டும்ண்ணே."

மாமா ஒரு பிரசங்கத்துக்குத் தொண்டையைச் செருமினார். அம்மா அவரை முறைத்தாள். "அவ கேக்கறதக் குடுத்துருடா," என்றாள். மாமா அடங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நல்லது எது, கெட்டது எது என்று பார்த்துப் பார்த்துச் சொன்னேனே, இவளுக்கு இவ்வளவு புத்தி கெட்டுப்போகுமா என்று நினைத்தேன். அதற்குப்பிறகு அத்தை வலையை மாட்டிக்கொண்டு குளித்தாள். கண் எப்போதும்போல் சிவந்தது. ஓட்டை வலையில் வேறென்ன நடக்கும் என்று சொல்லி அப்பாவும் மாமாவும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அத்தை முகத்தில் அந்த நாட்களில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது. அதுவும் எனக்கு விளங்கவில்லை.

பண்டாரவளைக்காரர்கள் வந்தார்கள். அந்த அம்மாள் அத்தையின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, கண்ணை உற்றுப் பார்த்தார். அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. சீயக்காய்க் கதையை ஆதியோடந்தமாகச் சொல்லி, போதாததற்குக் கம்பிவலையையும் எடுத்துவந்து காட்டினார். அந்த அம்மாள் வலையைப் பார்க்கவே இல்லை.

"எங்க ஊரு வெயிலுக்குக் கண்ணுத் தண்ணியெல்லாம் காஞ்சுரும்," என்றார்.

கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நானும் அந்தச் சந்தோஷத்தில் இரண்டு லட்டு அதிகம் தின்றேன். அத்தை ஊருக்குப் புறப்படும் முன் ரப்பர் கண்ணாடியை அவள் பெட்டியில் வைக்கக் கொண்டுபோனேன். அங்கேயும் ஆறு இருக்கும், சீயக்காய் இருக்கும் என்று எடுத்துச் சொன்னேன். பெட்டியில் ஏற்கெனவே கம்பிவலை, புதுச்சேலைகளுக்கு நடுவே பத்திரமாக இருந்தது. அத்தை ரப்பர் கண்ணாடியை வாங்கி என் கண்ணில் மாட்டிவிட்டாள். "இது ஒனக்குத்தான்டி பொருத்தம்," என்றாள்.

அப்பா அவளைக் கூட்டிக்கொண்டுபோய்க் கட்டிக்கொடுத்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் அவளை நான் பார்க்கவில்லை.

அத்தை இல்லாமல் அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவும் நானும் மட்டும் ஆற்றுக்குப் போனோம். எனக்கு எப்போதும் எண்ணெய் தேய்த்துவிடுவது அத்தைதான், அன்றைக்கு அம்மாவே தேய்த்தாள். நல்ல கண்ணாடியை விட்டுவிட்டு அத்தை ஏன் ஓட்டையை எடுத்துக்கொண்டாள் என்று அவளிடம் கேட்டேன். அம்மா எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டாள். என்னைக் கரையில் உட்காரவைத்துவிட்டு ஆற்றில் இறங்கினாள். அத்தை முங்குகிற இடத்துக்கே போய் முங்கினாள். நான் கூப்பிடப் போகும் நேரத்தில்தான் எழுந்தாள். கண் இரண்டும் நன்றாகச் சிவந்திருந்தன. அடுத்த தடவை மாமா தெமோதரையிலிருந்து வரும்போது அம்மாவுக்கும் ஒரு கண்ணாடி கொண்டுவரச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.